உறையிறதும் திரளுறதும்

கெம்பஸில் ஆங்கில வகுப்புக்கு ஒரு சொற்பட்டியல் தந்தார்கள்: கோஅகியுலேட், கன்ஜீல், கிளாட், கிளீவ். எல்லாமே கெட்டியாகிறது, கட்டியாகிறது, ஒட்டிக்கொள்றது பற்றிய வினைச்சொற்கள். பரீட்சைக்குப் பாடமாக்கினோம். லீவுக்கு ராகலை வந்தபோதுதான் அதுக்குள்ள நம்ம வரலாறும் இருக்குன்னு உறைச்சது.

கோஅகியுலேட் என்ற சொல், பாலைக் கட்டியாக்கச் சேர்க்கும் பொருளின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் 'ஒன்றாக ஓட்டிச் சேர்' என்ற வினை இருக்கிறது. மந்தையை ஓட்டுவதற்கும் அதே வினைதான். 19ஆம் நூற்றாண்டில் கங்காணிமார் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து நம்ம ஆட்களைக் கோப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்ததும் அப்படித்தான். தோட்டம் மாறினாலும் துண்டில் எழுதிய கடன் கூடவே வந்தது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

தமிழில் பாலும் உறையும், மனுசரும் ஓரிடத்தில் உறைவார்கள். ராத்திரி பாலுக்கு உறை ஊத்திட்டு அப்பாயி சொல்லும்: "சட்டிய ஆட்டாத, உறையாது." நம்ம சட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. நம்மில் ஒரு பகுதியினருக்கும் வாக்கு கிடைத்தது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அதற்குப் பிறகு நடந்தது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது, 1949 சட்டம் வாக்கைப் பறித்தது.

கிளீவ் விசித்திரமான சொல். ஒட்டுவதும் அதுதான், பிளப்பதும் அதுதான். இரண்டு வேறு பழைய சொற்கள் காலப்போக்கில் ஒரே ஒலியாகிவிட்டன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் ஒட்டி வாழ்ந்த குடும்பங்கள் பிளந்தது அப்படித்தான்.

நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 சட்டம் குடியுரிமை தந்தது. ஆனாலும் நம்மில் பலருக்கு, உறையும் லயக் காம்பிரா இன்னும் சொந்தப் பேரில் இல்லை.

நம்மை ஓட்டிச் சேர்த்தது வேறு ஆட்கள். ஆனா திரளுறதுக்கு ஓட்டுறவன் தேவையில்ல. 'கூலி', 'இந்தியத் தமிழர்' என்று மற்றவர்கள் வைத்த பெயர்களை விட்டு, 'மலையகத் தமிழர்' என்று நாமே நமக்குப் பெயர் வைத்துக்கொண்டோமே, அது திரளுறது. அடுத்து, சட்டி ஆடாமல் உறைய ஒரு துண்டு நிலம் வேணும்.