பெயர் பறிக்கப்பட்ட குலம்: ஸ்காட்லாந்தின் மெக்ரெகர்கள்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1855-இல். அன்று முதல் எப்போது கணக்கெடுத்தாலும் முதலிடம் ஸ்மித் என்ற பெயருக்குத்தான். ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்தது, அதனால் ஸ்மித்துகள் அதிகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் அத்தனை சுலபமில்லை. மலைநாட்டின் கேலிக் மொழியில் 'கொல்லன் மகன்' என்று பொருள்படும் ஒரு 'மக்' பெயர் உண்டு. ஆங்கிலம் பேசும் எழுத்தர்களிடம் போனபோது அது சில இடங்களில் மெக்கவன் ஆயிற்று, சில இடங்களில் மொழிபெயர்ந்து ஸ்மித்தே ஆகிவிட்டது. ஆள் அதே ஆள்தான். ஒரு பெயரின் கணக்கு ஏறியது, இன்னொன்று இறங்கியது.

நமக்கு இது கொஞ்சம் அந்நியமான சங்கதி. அப்பா பெயரின் முதலெழுத்தை வைத்தே காலத்தை ஓட்டியவர்கள் நாம். வெளிமாநிலம் வந்து, படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் விழிப்பு. குடும்பப்பெயர் என்றால் ஏதோ கல்லில் செதுக்கியது போலப் பரம்பரையாக வருவது என்று நானும் எண்ணியிருந்தேன். மெக்ரெகர் குலத்தின் கதையைப் படித்தபோதுதான் அது எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்று புரிந்தது.

1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் என்ற பள்ளத்தாக்கில் மெக்ரெகர்களுக்கும் கஹூன் குலத்தாருக்கும் மோதல் நடந்தது. கஹூன்கள் தரப்பில் பெருத்த உயிர்ச்சேதம். ஏற்கெனவே மெக்ரெகர்கள் மீது கடுப்பாக இருந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னர், இங்கிலாந்தின் அரியணை ஏற எடின்பரோவை விட்டுப் புறப்பட இரண்டு நாட்களே இருந்த வேளையில், ஏப்ரல் 3 அன்று, அவருடைய பிரிவி கவுன்சில் ஓர் ஆணை பிறப்பித்தது. இனி யாரும் மெக்ரெகர் என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால் மரண தண்டனை. குலத்தலைவர் அலஸ்டர் மறு ஆண்டு ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். கெடுபிடி அதோடு நிற்கவில்லை. நான்கு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது, இறைச்சி அறுக்க முனை மழுங்கிய கத்தி தவிர வேறு ஆயுதம் கூடாது என்றெல்லாம் பின்னர் உத்தரவுகள் வந்தன.

குலத்தைத் தண்டித்தார்கள் என்பது பழைய கதை; எல்லா நாட்டிலும் உண்டு. பெயரையே தண்டித்தது எனக்குப் புதிதாகப் பட்டது. அந்த மக்கள் என்ன செய்திருப்பார்கள்? யாருடைய நிலத்தில் குடியிருந்தார்களோ அவர் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கேம்ப்பெல், டிரம்மண்ட், மர்ரே, கிரஹாம், ஸ்டூவர்ட் என்று ஆளுக்கொன்று. கதைகளிலும் திரைப்படத்திலும் பேர்பெற்ற ராப் ராய் (1671–1734) மெக்ரெகர்தான். ஆனால் தாயின் குலப்பெயரான கேம்ப்பெல்லை வைத்துக் கையெழுத்திட்டவர். கேம்ப்பெல்களோ மெக்ரெகர்களின் பரம வைரிகள்! பெயரைக் கடன் வாங்கவும் எதிரி வீட்டுக்கே போக வேண்டியிருந்தது.

1661-இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693-இல் திரும்ப விதித்தார்கள். முற்றாக நீங்கியது 1774-இல். இரண்டு தவணையும் சேர்த்தால் 139 ஆண்டுகள். நாலைந்து தலைமுறை! அந்த ஆண்டுகளின் ஏடுகளை மட்டும் நம்பினால் மெக்ரெகர் குலம் ஏறக்குறைய அழிந்தே போயிற்று என்றுதான் எழுத வேண்டும்.

அழியவில்லை என்பதற்குச் சான்று சட்டம் நீங்கிய கையோடு வந்தது. குலத்தார் 826 பேர் கூடிக் கையொப்பமிட்டு ஒருவரைத் தலைவராக ஏற்றார்கள். அவர் பெயர் ஜான் மர்ரே. ஆமாம், மெக்ரெகர் குலத்தலைவருக்கே அன்று மர்ரே என்றுதான் பெயர். இவர் நம் நாட்டோடு தொடர்புள்ளவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர், 1795-இல் பாரோனெட் பட்டம் பெற்றவர். மகன் ஈவான் 1818-இல் கான்தேஷ் பகுதியின் தால்நேர்க் கோட்டைச் சண்டையில் காயமுற்றார். அந்தக் குடும்பம் அரச அனுமதியோடு மெக்ரெகர் என்ற பெயருக்குத் திரும்பியது 1822-இல்தான். தடை நீங்கி 48 ஆண்டுகள் கழித்து.

தலைவர் வீட்டிலேயே இவ்வளவு தாமதம் என்றால் சாதாரணக் குடியானவனைக் கேட்க வேண்டுமா? பலர் திரும்பினார்கள், பலர் திரும்பவே இல்லை. தாத்தா காலத்திலிருந்து கேம்ப்பெல்லாக நிலம் பதிந்து, கடன் வாங்கி, பெண் கொடுத்து வாழ்ந்தவன் எதற்கு மாற்றப் போகிறான்? இன்று ஆண்வழி மரபணுச் சோதனையில் வேறு குடும்பப்பெயர் கொண்ட பலர் மெக்ரெகர் தலைமைக் கிளையோடு பொருந்துகிறார்கள்.

இடையில் ஒரு செய்தி. நம் மாதவர் கண்ட முடிவிலாத் தொடரை ஐரோப்பாவில் 1671-இல் தனியாகக் கண்டறிந்த ஜேம்ஸ் கிரிகொரியின் குடும்பமும் மெக்ரெகர் வழி வந்தது என்பது அவர்கள் வீட்டு வழக்கு. கணிதப் புத்தகத்தில் 'மாதவ-கிரிகொரி தொடர்' என்று படிக்கும்போது இது நினைவுக்கு வரட்டும்.

கொல்கத்தா கரையா சாலையில் 1820-இல் தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பெயர்களை எண்ணிப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு இரண்டு குறிப்பு. மெக்ரெகர்களைத் தேடுவோர் மர்ரே, கேம்ப்பெல் கற்களையும் விட்டுவிடக் கூடாது. இன்னொன்று, ஸ்காட்லாந்து வழக்கில் மணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயர் ஏட்டில் நிலைத்திருக்கும். ஆகவே கல்லில் இரண்டு குடும்பப்பெயர் கண்டால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.