தலைநகரின் இடப்பெயர்வும் உபரியின் இடப்பெயர்வும்: ஓர் இலங்கை வரலாற்றுக் குறிப்பு

இலங்கையின் தலைநகர் அநுராதபுரத்திலிருந்து பொலன்னறுவைக்கும், அங்கிருந்து தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை, கோட்டே எனத் தென்மேற்காகவும் நகர்ந்தமைக்குப் பாடநூல்கள் பெரிதும் வலியுறுத்தி வந்த காரணம் வடக்கிலிருந்து வந்த படையெடுப்பாகும். இவ்விளக்கம் எளிமையானது, அதனாலேயே ஆபத்தானது. நீண்டதொரு சமூக மாற்றத்தை அது இரு இனங்களின் பகைமைக் கதையாகச் சுருக்கிவிடுகின்றது.

993இல் சோழர் அநுராதபுரத்தைச் சூறையாடியமையும் 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டமையும் மறுக்கற்பாலன அல்ல. ஆயின், சோழர் தம் ஆட்சி மையமாகக் கொண்ட பொலன்னறுவையையே, 1070இல் அவர்களை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவும் தலைநகராகக் கொண்டான். சோழர் வருகைக்கு முன்னரே சிங்கள மன்னர் சிலர் அங்கிருந்து ஆண்டுள்ளனர். மகாவலித் துறைகளையும் உறுகுணை செல்லும் வழிகளையும் கண்காணிக்க வாய்ப்பான இடம் அது. பகைவர் இருவரும் ஒரே நகரைத் தெரிந்தமைக்கு இனம் விடை தராது.

இராசரட்டையின் அரண்மனைகளையும் விகாரைகளையும் தாங்கியது பெருங்குளங்களின்கீழ் விளைந்த நெல்லே. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு ஏறத்தாழ 54 மைல் நீர் கொண்டுசென்ற கால்வாயை எந்த ஒரு கிராமமும் தனித்துப் பேணியிருக்க முடியாது. கிராமக் குளத்தின் நிலை வேறு. எட்மண்ட் லீச் 1959இல் சுட்டிக்காட்டியவாறு, அது மைய அரசின் துணையின்றியே ஊரவர் உழைப்பால் நிலைத்தது. தலைநகரங்கள் காடான பின்னரும் அவ்வரண்ட நிலத்தில் உழவர் வாழ்ந்தே வந்தனர். எனவே வீழ்ந்தது உழவனது நாகரிகமன்று. அவனிடமிருந்து உபரியைத் திரட்டிய அமைப்பு. கலிங்கத்து மாகன் 1215இல் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவ்வமைப்பை இயக்கிய வர்க்கம் சிதறியது. சோழராட்சியின் பின் மீண்டெழுந்து, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) பெருங்குளங்களைக் கண்ட இராசரட்டை இம்முறை மீளவில்லை. பொலன்னறுவை அந்நூற்றாண்டிலேயே மீட்கப்பட்டும் நிலையான தலைநகராகவில்லை. மலேரியாவையே காரணமாகக் கூறுவாருமுளர். எமது கருத்தில் அது கைவிடப்பட்ட குளங்களின் விளைவேயன்றி மூலமன்று. கா. இந்திரபாலா 1971இல் தொகுத்த பேராதனைக் கட்டுரைகள் இவ்விவாதத்தை அறிய இன்றும் பயன்படுவன.

தென்மேற்கில் மழை உண்டு, பெருங்குளம் இல்லை. அங்கு அரசர்க்குக் கைகொடுத்தது வாணிபம், சிறப்பாகக் கறுவா. கோட்டேயின் வனப்பைப் பாடிய சந்தேச காவியப் புலவர்கள் கறுவா உரித்தவனின் கைகளைப் பாடுபொருளாக்கினாரல்லர். அரசவைப் புலமையின் எல்லை அது. 1565இல் போர்த்துக்கேயர் கோட்டேயைக் கைவிட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்தபோது, அதிகாரம் கப்பல் அணையும் கரையிற் போய் நின்றது. 1619இன் பின் நல்லூருக்கும் அதுவே நேர்ந்தது: ஆட்சி மையம் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கரையோரக் கோட்டைக்கு மாறிற்று. கண்டி மலையரணால் 1815 வரை தாக்குப்பிடித்தது. பின்னர் கோப்பியும் தேயிலையும் புகைவண்டியில் கொழும்புக்கு இறங்கின. 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் காலித் துறைமுகத்தின் முதன்மையையும் பறித்தது.

1982இல் நாடாளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேக்கு மாற்றப்பட்டது. மன்னர் காலப் பெயர் மீண்டது. துறைமுகமும் பெருவங்கிகளும் கொழும்பிலேயே இருந்தன. காலிமுகத்திடலருகே இருந்த பழைய நாடாளுமன்றக் கட்டடம் ஜனாதிபதி செயலகமாயிற்று. 2022இல் எரிபொருளும் உணவும் அரிதானபோது மக்கள் கூடாரமடித்தது கோட்டேயின் ஏரிக்கரையிலன்று, அச்செயலகத்தின் வாயிலிலேயாகும்.