பத்திரிகைகள் எதிர்த்தன, ரூஸ்வெல்ட் வென்றார்

1936 நவம்பர் 3-ஆம் தேதி நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். தேர்வாளர் குழு வாக்குகளில் அவருக்கு 523 கிடைத்தன. குடியரசுக் கட்சி வேட்பாளரான கான்சாஸ் ஆளுநர் ஆல்ஃப் லாண்டனுக்கு 8. நாட்டின் நாளிதழ்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டு தலையங்கங்களில் லாண்டனுக்கே ஆதரவு கேட்டிருந்தன. ராபர்ட் மெக்கார்மிக்கின் ‘சிகாகோ டிரிபியூன்’ ரூஸ்வெல்ட்டைத் தேசத்தின் அழிவாகவே சித்திரித்தது. 1932-ல் அவருக்குத் தோள் கொடுத்த வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட், தன் பத்திரிகைகள் அனைத்தையும் அவருக்கு எதிராகத் திருப்பியிருந்தார். ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பிய ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ், லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பதிவேட்டிலும் பெயர் தேடியவர்களுக்கு, வேலையிழந்தவர்களின் மனம் எப்படித் தெரியும்? இந்தத் தேர்தலுக்கு வரலாற்று நூல்களில் அடிக்கடி காணப்படும் விளக்கம் ஒன்று உண்டு: காகிதத்தை வானொலி வென்றது, ரூஸ்வெல்ட்டின் குரல் பத்திரிகை முதலாளிகளைத் தாண்டி வீடுகளுக்குள் நேரே புகுந்தது என்பார்கள். அந்தக் குரலின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது எதன் மேல் நின்றது என்று கேட்காமல் இந்த விளக்கத்தை ஏற்க முடியாது.

1933 மார்ச்சுக்குப் போவோம். மார்ச் 4-ஆம் தேதி ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது மக்கள் வங்கிகளிலிருந்து பணத்தை வாரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல மாநிலங்கள் ஏற்கெனவே வங்கிகளை மூடியிருந்தன. மார்ச் 6-ல் நாடு முழுவதும் வங்கி விடுமுறை அறிவித்தார். 9-ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் காங்கிரசின் இரு அவைகளிலும் நிறைவேறியது. எந்த வங்கி திறக்கத் தகுதியானது என்று சோதிக்கவும், திறக்கும் வங்கிக்கு வேண்டிய பணத்தை மத்திய ரிசர்வ் தரவும் அது வழி செய்தது. இவ்வளவும் முடிந்த பிறகுதான், 12-ஆம் தேதி ஞாயிறு இரவு 10 மணிக்கு அவர் வானொலி ஒலிவாங்கி முன் அமர்ந்தார். வங்கியில் போட்ட பணம் பெட்டகத்தில் அப்படியே கிடப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே சுற்றுகிறது என்பதிலிருந்து தொடங்கி, எந்த ஊர் வங்கி திங்கட்கிழமை திறக்கும், எது செவ்வாய், எது புதன் என்பதுவரை கால் மணி நேரத்துக்குள் சொல்லி முடித்தார். கேட்டவர்கள் சுமார் 6 கோடிப் பேர். மறுநாள் வங்கி வாசலில் கூடியவர்கள் எடுத்ததைவிட அதிகமாகப் போட்டார்கள். 15-ஆம் தேதி பங்குச் சந்தை திறந்தபோது டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பேச்சில் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் மூன்று நாள் முன்பு நிறைவேறிய ஒரு சட்டம் இருந்தது. கேட்டவர்களால் அடுத்த சில நாட்களிலேயே தங்கள் ஊர்க் கிளையில் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அந்த இரவின் வெற்றியில் நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான்.

வானொலி மட்டுமே போதும் என்றால் வென்றிருக்க வேண்டியவர்கள் வேறு இருவர். ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற முந்தைய அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் 1920-களில் வணிகத்துறைச் செயலராக இருந்து வானொலி அலைவரிசை ஒழுங்குமுறைக்கே அடித்தளம் போட்டவர். அதிபரான பின் பலமுறை வானொலியில் பேசினார். கேட்டவர்களுக்கோ அந்தப் பேச்சுக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் தொடர்பு தெரியவில்லை. அடுத்தவர் மிச்சிகனின் ராயல் ஓக் ஊர்ப் பாதிரியார் சார்ல்ஸ் காஃப்லின். கோடிக்கணக்கானோர் ஞாயிறுதோறும் கேட்ட குரல் அது. 1932-ல் ரூஸ்வெல்ட்டை ஆதரித்த அவர், 1936-ல் யூனியன் கட்சியின் வில்லியம் லெம்கேயை நிறுத்தி, 90 லட்சம் வாக்கு வாங்கித் தராவிட்டால் வானொலியை விட்டே விலகுவேன் என்று சபதம் செய்தார். லெம்கேக்குக் கிடைத்தது 9 லட்சத்துக்கும் குறைவு. குரலில் சொக்கிப்போய்க் கேட்ட அதே மக்கள், வாக்குச் சாவடியில் வேறு கணக்குப் போட்டார்கள்.

‘அப்படியானால் பொருளாதாரம் மீண்டதுதானே காரணம், தலைமைக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1933-ல் சுமார் 25 சதவீதமாக இருந்த வேலையின்மை 1936-ல் 17 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. சாலை போடவும் பள்ளி கட்டவும் அரசே லட்சக்கணக்கானோருக்குக் கூலி கொடுத்தது. ஆனால் வங்கிப் பீதி தணிந்த மார்ச் வாரத்தில் யாருக்கும் புதிதாக வேலை கிடைத்துவிடவில்லை; மீட்சிக்கு முன்பே நம்பிக்கை வந்தது. பத்திரிகைகள் எல்லாமே எதிரி என்பதும் முழு உண்மையல்ல. ரூஸ்வெல்ட் வாரம் இருமுறை நிருபர்களைத் தன் மேசையைச் சுற்றி நிற்கவைத்துப் பேசினார். கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துவிட்டார். தலையங்கம் முதலாளியின் கையில் இருந்தது. முதல் பக்கச் செய்தியோ பெரும்பாலும் அவரை நேரில் கேட்டுவந்த நிருபரின் கையில் இருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்திருந்த அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் ஏறத்தாழ எந்த இதழிலும் வரவில்லை. இதை நிருபர்களின் பண்பு என்று மட்டும் சொல்லி நான் கடந்துவிட மாட்டேன்; வாக்காளரிடமிருந்து ஒரு செய்தி குறைத்துக் காட்டப்பட்டது என்பதும் உண்மை.

என் வாதத்துக்கு வலுவான சான்று, மாபெரும் வெற்றிக்கு மூன்றே மாதம் கழித்து வருகிறது. தன் சட்டங்களை ரத்து செய்துவந்த உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக 6 நீதிபதிகள்வரை நியமிக்கும் திட்டத்தை 1937 பிப்ரவரி 5-ல் ரூஸ்வெல்ட் வெளியிட்டார். வயதான நீதிபதிகளின் வேலைப்பளுவைக் குறைக்கவே இது என்று முதலில் காரணம் சொன்னார். உள்நோக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மார்ச் 9-ல் அதே வானொலியில், அதே குரலில் மக்களிடம் நியாயம் கேட்டார். ஜூலையில் செனட் 70-க்கு 20 என்ற கணக்கில் மசோதாவைக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. அவையில் பெரும்பான்மை அவருடைய ஜனநாயகக் கட்சிக்குத்தான். மிரட்டல் பலித்தது, மார்ச் இறுதியிலேயே நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதே என்பார்கள். அந்த வழக்கில் நீதிபதிகள் திட்டம் வெளியாவதற்கு முன்பே தங்களுக்குள் வாக்களித்திருந்தார்கள். 1938 ஜூனில் மீண்டும் வானொலிக்கு வந்து, தன் கட்சியின் பழமைவாதிகளைத் தோற்கடிக்க வேண்டினார். ஜார்ஜியாவின் வால்டர் ஜார்ஜ், தென் கரோலினாவின் எல்லிசன் ஸ்மித், மேரிலாந்தின் மில்லார்டு டைடிங்ஸ் என அவர் குறிவைத்த மூன்று செனட்டர்களும் மீண்டும் வென்று வந்தார்கள்.