புறநகர்க் குடியேற்றம்: சென்ற காலம் கூறும் அறிவுரை

ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். மும்பைக்கு வந்த பின்னரும் ஓரிடத்தில் நிலைத்திருந்தோமில்லை. கோட்டைப் பகுதியினின்று மாட்டுங்காவிற்கும், மாட்டுங்காவினின்று செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி ஆகிய இடங்கட்கும், பின்னர்க் கழிமுகத்தைக் கடந்து வாஷி, நெருல் முதலிய புதுநகர்ப் பகுதிகட்கும் நம்மவர் தலைமுறைதோறும் நகர்ந்து சென்றுள்ளனர். பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு வரும் இந்நாளில், "இங்கேயே இருப்பதா, புறநகர் செல்வதா?" என்னும் வினா நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. சென்ற நூற்றாண்டில் இவ்வினாவிற்கு விடை கண்டவர்களின் அனுபவம் நமக்குப் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

நோய் தந்த புறநகர்

பம்பாயின் திட்டமிட்ட புறநகர் பிறந்தது கொள்ளைநோயின் விளைவாகவே. 1896ஆம் ஆண்டில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தோன்றி நகரெங்கும் பரவிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புக்களில் மாண்டவர் ஆயிரக்கணக்கினர். அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர் அதனினும் பலர். இதன் பின்னரே, 1898ஆம் ஆண்டில், நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்பு தோன்றிற்று. தீவின் வடபால் வயல்களும் சிற்றூர்களுமாய்க் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களை அது கையகப்படுத்தி, அகன்ற சாலைகளும் பூங்காக்களும் அமைத்து, மனைகளாகப் பிரித்தது.

சாலை போட்டதும் மக்கள் வந்துவிடவில்லை. அலுவலகங்கள் யாவும் தென்கோடியில் இருந்தன. 1920களிலும் 1930களிலுமே மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களில் எழுத்தராய் அமர்ந்த தென்னாட்டவர் அங்கே வாடகைக்குக் குடியேறினர். குளியலறையும் கழிப்பிடமும் வீட்டிற்குள்ளேயே அமைந்த பிளாட் என்பது அக்காலத்தில் புதுமை. ஆசாரம் பேணிய குடும்பங்கட்கு அது முதலில் தயக்கத்தையும் தந்தது. எனினும் பொதுக் குழாயடியில் காத்து நிற்கும் துன்பம் நீங்கியது கண்டு பெண்டிர் அதனை விரும்பி ஏற்றனர்.

தமிழர் யாவரும் மாட்டுங்காவாசிகள் அல்லர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். திருநெல்வேலிச் சீமையினின்று வந்து தோல் பதனிடும் தொழில் செய்தோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தாராவியில் குடியேறிவிட்டனர். அவர்கட்கு டிரஸ்ட் எதுவும் மனை வகுத்துத் தரவில்லை. சதுப்பு நிலத்தைத் தம் கையாலேயே மேடாக்கி ஊராக்கிக் கொண்டனர்.

முதற்கண் எண்ண வேண்டியது வழி

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரினின்று தானே வரையில் 21 மைல் தூரம் முதல் ரயில் ஓடிற்று. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் குர்லா வரை மின்சார ரயில் வந்தது. பம்பாயின் புறநகர்கள் இத்தண்டவாளத்தின் வழியே வளர்ந்தவை. எனவே, "எத்தனை மைல்?" என்று கேட்பதைவிட, "வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை எத்தனை நேரம்?" என்று கேட்பதே பொருத்தம். நிலையத்திற்குச் செல்லும் பேருந்தும், அங்கே காத்திருக்கும் நேரமும், வண்டியில் ஏற இயலுமா என்பதும் இக்கணக்கில் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வீடு பார்க்கச் செல்வோர் இதனை அறிய மாட்டார்கள். வேலை நாளொன்றில் காலை எட்டு மணிக்கு அங்கிருந்து ஒருமுறை புறப்பட்டுப் பார்த்தல் நன்று.

புதுநகரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கழிமுகத்திற்கு அப்பால் ஒரு நகர் எழ வேண்டும் என்னும் கருத்தை 1965ஆம் ஆண்டில் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் ஆகிய மூவர் வெளியிட்டனர். 1970 மார்ச்சில் சிட்கோ நிறுவனம் அமைந்தது. அரசு அலுவலகங்கள் அங்குச் செல்லும், அவற்றைத் தொடர்ந்து ஏனையவும் செல்லும் என்று எதிர்பார்த்தனர். ஆயின் தலைமைச் செயலகம் தென் மும்பையிலேயே நின்றுவிட்டது. சாலைப் பாலம் 1970களிலேயே வந்தபோதிலும், மான்குர்டினின்று வாஷிக்கு ரயில் ஓடியது 1992 மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் அங்குக் குடியேறியவர் பேருந்தையே நம்பி வாழ்ந்தனர். வரைபடத்தில் உள்ள ரயிலில் ஏறி எவரும் அலுவலகம் சென்றதில்லை. வரப்போவதை நம்பி வீடு வாங்குவோர், அது வரும் வரை பொறுக்கத் தம் வீட்டாருக்கு வலிமை உண்டா என்பதை எண்ணுதல் வேண்டும்.

நீரும் நிலமும் காற்றும்

பம்பாயின் குடிநீர், 1860இல் முடிந்த விஹார் ஏரியில் தொடங்கி, துளசி, தான்சா என மேன்மேலும் தொலைவிற்குச் சென்று தேடப்பட்டது. நகராட்சியின் எல்லை 1957ஆம் ஆண்டில் முலுண்ட் வரை விரிந்தது. அதற்கு அப்பால் உள்ள தானே வேறொரு மாநகராட்சியைச் சேர்ந்தது. அடுத்தடுத்த நிலையங்களாயினும் நீரும் வரியும் வேறு. ஆகவே, வீடு எந்த நகராட்சியைச் சேர்ந்தது, குழாயில் நாள்தோறும் எத்தனை மணி நேரம் நீர் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேருமா என்பவற்றை அங்கு வாழும் குடித்தனக்காரரிடமே கேட்டறிதல் வேண்டும். விற்பவரிடம் கேட்பது போதாது.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை நம்மில் எவர் மறக்க வல்லார்? சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ரயில்கள் நின்றன. அலுவலகம் சென்றோர் இரவெல்லாம் நீரில் நடந்தனர். தாழ்ந்த இடங்களில் முதல் மாடி வரை நீர் ஏறிற்று. ஒரு மனையை மழைக்காலத்தில் ஒருமுறையேனும் பார்க்காமல் முடிவு செய்யலாகாது.

காற்றையும் கருதுதல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் பிரிவினைக்குப் பின் அகதிகள் குடியமர்த்தப்பட்ட செம்பூர், விரைவில் நம்மவர்க்கும் உகந்த இடமாயிற்று. ஆனால் 1954, 1955ஆம் ஆண்டுகளில் அருகிலுள்ள டிராம்பே, மாஹுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. அப்பகுதியின் காற்று மாசு நெடுங்காலப் பேச்சாயிற்று. அடுத்துள்ள வெற்றுநிலம் எதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது என்று வினவுதல் இதனாலேயே தேவையாகின்றது.

வெற்றுநிலம் எனினும் அது ஒருவருடைய நிலமே. புதுநகருக்காக 95 சிற்றூர்களின் நிலம் எடுக்கப்பட்டது. உழவரும் மீனவரும் உப்பளத்தாரும் வாழ்வு இழந்தனர். 1984 ஜனவரியில், தி. பா. பாட்டீல் தலைமையில் நிகழ்ந்த போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர். பண்படுத்திய நிலத்தில் எட்டில் ஒரு பங்கை அவ்வூரார்க்கே திருப்பி அளிக்கும் திட்டம் அப்போராட்டத்தின் பயனாகும். அவர்கள் ஊரில் குடியேறும் நாம், அவர்கள் மொழியையும் விழாக்களையும் மதித்து வாழ்தல் கடமையாகும்.

வாடகையும் உரிமையும்

1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தியது. குடியிருந்தோர்க்கு அது காப்பாயிற்று. ஆயின் உரிமையாளர் பலர் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். புதிதாய் வந்தோர்க்கு வாடகை வீடு அரிதாயிற்று. நம்மவர் புறநகரில் சொந்த வீடு தேடிச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று வீடு வாங்குவோர்க்கு 2016ஆம் ஆண்டின் சட்டம் துணை நிற்கின்றது. திட்டம் பதிவு பெற்றதா, குடிபுகும் சான்று கிடைத்ததா, நிலம் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்படுமா ஆகிய மூன்றையும் எழுத்தில் கண்ட பின்னரே பணம் தருதல் தக்கது.

சுவர்கள் மட்டும் ஊர் ஆகா

மாட்டுங்காவை நம் ஊராக்கியவை அதன் கட்டடங்கள் அல்ல. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952இல் தோன்றிய சண்முகானந்த சபையும், கோயில்களும், காய்கறிக் கடைகளும், மாலையில் திண்ணையில்லாக் குறையைத் தீர்த்த தெருமுனைகளுமே அதனை ஊராக்கின. 1963இல் திறக்கப்பட்ட சண்முகானந்த அரங்கம் 1990இல் தீக்கிரையானபோதும், 1998இல் மீண்டும் எழுந்தது. கூடி வாழ்ந்தோர் இருந்தமையால் அது இயன்றது.

புறநகர் செல்லும் குடும்பத்தில் அலுவலகம் செல்வோர்க்கு வண்டித் தோழர் கிடைப்பர். பிள்ளைகட்குப் பள்்ளித் தோழர் கிடைப்பர். பகலெல்லாம் பத்தாம் மாடியில் தனித்திருக்கும் தாய் தந்தையர்க்கு யார் துணை? நடந்து செல்லும் தொலைவில் மருத்துவர் உண்டா? தம் மொழியில் பேச ஒருவரேனும் உண்டா? சதுர அடிக் கணக்குப் பார்க்கும் நாம் இக்கணக்கை மறந்துவிடுகின்றோம். வீடு மாற்றும் முடிவை எடுக்குமுன் அவர்களையும் அழைத்துச் சென்று காட்டி, அவர்கள் சொல்லையும் கேட்டல் வேண்டும். பழைய தெருவில் இரண்டறை வீடே அவர்கட்கு நல்லது எனத் தோன்றுமாயின், தங்கிவிடுவதும் இழுக்கன்று.

செல்வதே முடிவாயின் மகிழ்வோடு செல்க. மாட்டுங்காவும் ஒருநாள் ஆளில்லா வயலாகவே இருந்தது. சென்ற இடத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்களைக் கண்டறிந்து, வாரம் ஒருநாள் பிள்ளைகட்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க ஒரு கூடத்தைத் திறந்து வையுங்கள். புதிய முகவரியைச் சங்கத்திற்குத் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு விழாவிற்குப் பெரியோரையும் உடன் அழைத்து வாருங்கள்.