ஈர்ஸ்டன் தேவாலயமும் சுரங்க மக்களும்

தேவாலயம் ஒன்றன் வரலாற்றை அதன் கட்டடத்தைக் கொண்டு ஆராய்வார் பலர். கல்லறைத் தோட்டத்தைக் கொண்டு ஆராய்வார் சிலர். சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த பகுதிகளில் பின்னதே சிறந்த சான்றாதலை, வட இங்கிலாந்தில் முன்பு நார்தம்பர்லாந்தைச் சேர்ந்திருந்த ஈர்ஸ்டன் ஊரின் தூய ஆல்பன் தேவாலயம் காட்டுகின்றது.

பழைய ஆலயம் ஒன்று நின்ற இடத்தில், ஜான் கிரீன், அவர்தம் மகன் பெஞ்சமின் கிரீன் ஆகியோர் வகுத்த அமைப்பின்படி 1837-இல் இத்தேவாலயம் எழுந்தது. விக்டோரியா அரசியார் அரியணை ஏறிய ஆண்டும் அதுவே. ஆம்ப்டன் கோர்ட் அரண்மனையில் முன்பு விளங்கிய வண்ணக் கண்ணாடிகள் பின்னர் இதன் பலகணிகளில் இடம்பெற்றன. எனினும், இதன் பெருமைக்குக் காரணம் அவை அல்ல.

1862 சனவரி 16 அன்று, அண்மையிலுள்ள நியூ ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில், நீர் இறைக்கும் பொறியின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்தது. அதன் பாதி சுரங்கக் குழிக்குள் வீழ்ந்து வழியை அடைத்தது. ஏறவும் இறங்கவும் காற்றுப் புகவும் அஃதொன்றே வழி. வேலைமுறை மாறும் வேளையாதலின் கீழே இருந்தோர் மிகுதி. நச்சுக் காற்றால் பெரும்பாலோர் மாண்டனர். ஆடவரும் சிறுவருமாக இறந்தோர் 204 பேர். நிலத்தடியில் தாங்கள் கூடி வழிபட்டதை ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்.

அவ்வட்டாரச் சுரங்க மக்களுள் மெதடிஸ்டுப் பிரிவினர் பலர். அவர்தம் வழிபாடு பங்குத் தேவாலயத்திற்குப் புறம்பானது. ஆயினும், இறந்தோருட் பெரும்பாலோர் சனவரி 26-இல் ஈர்ஸ்டன் தேவாலயத்தை அடுத்தே அடக்கம் செய்யப்பெற்றனர். இடம் போதாமையின் நார்தம்பர்லாந்துக் கோமகனார் நிலம் அளித்தார். பங்குக் கல்லறைத் தோட்டத்தில் இங்கிலாந்துத் திருச்சபை முறையன்றிப் பிற முறையில் அடக்கச் சடங்கு நிகழ்த்தும் உரிமை 1880-இல்தான் சட்டத்தால் கிடைத்தது. ஆகவே, வாழ்வில் வேறு மன்றங்களை நாடியோரும் இறப்பில் இத்தேவாலயத்தையே சார்ந்தனர். பங்கு என்பது வழிபடுவோர் கூட்டம் மட்டுமன்று, ஓர் எல்லைக்குட்பட்ட மக்கள் அனைவரையும் தழுவியது என்னும் கருத்து இதனாற் புலனாகும்.

அங்கு நிற்கும் நினைவுத் தூண் இறந்தோர் பெயர்களைத் தாங்கியுள்ளது. அவ்வாண்டிலேயே, நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரண்டு வழிகள் வேண்டும் எனப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் ஒன்று பிறப்பதற்கு எத்தனை உயிர்கள் விலையாயின என்பதைச் சட்டநூல் கூறாது; இக்கல் கூறும்.