விகுதி சொல்லும் வரலாறு: சிற்றந்துகளின் பெயரும் பரவலும்

மொழியியலில் வாழ்நாளைச் செலவிட்ட நாம் அந்துப்பூச்சிகளைப் பற்றிப் பேசப் புகுவது அவையினர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், உயிர்களை வகைப்படுத்துதல் தமிழ் இலக்கணத்துக்குப் புறம்பானதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு வகையாக்கித் தும்பியையும் நண்டையும் நான்கறிவு உயிர்களுள் வைத்தது. உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பால், பெண்பால் பெயர்களையும் அதே இயல் தொகுத்துரைக்கின்றது. வகையும் பெயரும் ஒருங்கே எண்ணத்தக்கவை என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் தம் நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, அந்துகளுள் பெரும்பாலானவற்றை 'ஃபலேனா' என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். பின்னர் அதனைச் சில பிரிவுகளாகப் பகுத்தார். சிறிய அந்துகளுக்குரிய பிரிவுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விகுதியை அவர் வகுத்தமையே நம் கருத்தைக் கவர்கின்றது. 'டோர்ட்ரிக்ஸ்' பிரிவின் பெயர்கள் 'அனா' என முடியும். 'பைராலிஸ்' பிரிவின் பெயர்கள் 'அலிஸ்' என முடியும். 'டினியா' பிரிவின் பெயர்கள் 'எல்லா' என முடியும். சிறகு விரல்களைப் போலப் பிளவுபட்ட 'அலுசிட்டா' பிரிவுக்கு, விரல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'டாக்டிலா' என்னும் ஈறு அமைந்தது. வினைமுற்றின் ஈற்றைக் கேட்டே திணையையும் பாலையும் அறிகின்றோம் அல்லவா? அதுபோலவே பெயரின் ஈற்றைக் கேட்டே அந்தின் இனத்தை அறியலாயிற்று.

ஆனால் வகைப்பாடு மாறியபோதும் விகுதி மாறவில்லை. ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் அந்துக்கு லின்னேயஸ் 'பொமோனெல்லா' எனப் பெயரிட்டு, அதனை டினியாவுள் வைத்தார். இன்று அது டோர்ட்ரிக்ஸின் குடும்பத்தைச் சேர்ந்ததெனத் தெளிவாகியுள்ளது. எனினும், முதலில் இடப்பட்ட சிற்றினப் பெயரைக் காக்க வேண்டும் என்பது துறையின் விதி. ஆதலின் 'எல்லா' என்னும் ஈறு, பொருளிழந்த பின்னும் சொல்லில் தங்கிவிட்ட பழைய உருபைப் போல நிலைத்து நிற்கின்றது. சிற்றந்து என்னும் தொகுதியும் அத்தகையதே. அளவு பற்றிய வசதிக்காக எழுந்த அப்பெயர் உண்மையான உறவு முறையைக் காட்டுவதன்று.

இத்துறையில் பெருந்தொண்டாற்றியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் கருத வேண்டும். எட்வர்ட் மெய்ரிக் (1854–1938) இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரிப் பள்ளியில் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தவர். இந்தியா, இலங்கை முதலிய பல நாடுகளிலிருந்து வந்த சிற்றந்துகளை ஆராய்ந்து, 14,000-க்கு மேற்பட்ட சிற்றினங்களுக்கு அவர் பெயரிட்டார். சிறகின் நரம்பமைப்பையே அவர் பெரிதும் நம்பினார். பிறப்புறுப்பின் நுண்ணமைப்பை ஒப்பிட்டுச் சிற்றினங்களைப் பிரிக்கும் முறையைப் பின்வந்தோர் கைக்கொண்டதால், அவர் முடிபுகள் பல திருத்தம் பெற்றன.

அத்தகைய திருத்தத்தின் பயனை நம் நாட்டுக் கொக்கோத் தோட்டங்களைக் கொண்டு உணரலாம். கொக்கோக் காயைத் துளைக்கும் 'கிராமெரெல்லா' என்னும் சிற்றந்தை டச்சு அறிஞர் ஸ்னெல்லன் 1904-இல் விவரித்தார். கொக்கோ அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். இவ்வந்தோ இவ்வட்டாரத்து ரம்புத்தானிலும் வாழ்வது. 1980-இல் சபாவின் தாவாவ் பகுதியிலும், 1986-இல் தீபகற்பத்திலும் அது கொக்கோவில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே பிராட்லி என்னும் ஆய்வாளர், அதனோடு நெருங்கிய மூன்று புதிய சிற்றினங்களைப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று லைச்சி, லோங்கான் பழங்களைத் துளைப்பது. மற்றொன்று லைச்சி இலையைக் குடைவது. ஒரே பெயரில் அடங்கியிருந்தவை வேறு வேறு உயிர்கள் எனத் தெரிந்ததும், அப்பெயரின்கீழ் வரையப்பட்ட பரவல் எல்லையும் மாற வேண்டியதாயிற்று. பெயர் தவறாயின் நிலப்படமும் தவறாகும். படத்தை நம்பிச் செய்யும் பயிர்க் காப்பும் பயனற்றுப் போகும்.

இதிலிருந்து தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கின்றது. நம் உழவர் 'இலைச்சுருட்டுப் புழு', 'தண்டுத் துளைப்பான்' எனச் செயலால் பெயரிட்டனர். 'டோர்ட்ரிக்ஸ்' என்பதற்கும் முறுக்குவது, சுருட்டுவது என்பதே பொருள். இரு மொழியினரும் ஒரே செயலைக் கண்டு பெயரிட்டமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் நெல்லின் இலைச்சுருட்டுப் புழு டோர்ட்ரிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் 'மெடினாலிஸ்' என்னும் பெயரின் ஈறே அதனை வேறு கிளையில் வைக்கின்றது. 'இலைச்சுருட்டி' என்பதைக் குடும்பப் பெயராகப் பாடநூலில் எழுதினால், மாணவர் நெல்வயலில் காணும் புழுவையும் அக்குடும்பத்துள் சேர்த்துவிடுவர்.

ஆகவே, உழவர் வழங்கும் செயற்பெயரைப் போற்றி வைப்போம். உறவைக் குறிக்கும் பெயரைத் தனியே ஆக்குவோம். இரண்டையும் மயங்கவிடாமல் வகுப்பறையில் கற்பித்தல் தமிழாசிரியர், அறிவியலாசிரியர் ஆகிய இருவர்க்கும் பொதுவான கடமையாகும்.