ஐபிஎம் 7090

ஐபிஎம் 7090, அறிவியல், பொறியியல் கணக்கீடுகளுக்காக அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய டிரான்சிஸ்டர் பெருங்கணினி. 1958இல் அறிவிக்கப்பட்டு, 1959 இறுதியில் முதன்முதலாக நிறுவப்பட்டது. வெற்றிடக் குழாய்க் கணினியான 709இன் ஆணைத்தொகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மின்சுற்றுகளை டிரான்சிஸ்டருக்கு மாற்றியதே இதன் சிறப்பு. பல ஆண்டு உழைப்பில் எழுதப்பட்ட நிரல்கள் அதனால் வீணாகாமல் பிழைத்தன.

பின்னணி

இந்த மரபின் மூத்த கணினி 704 (1954). ஃபோர்ட்ரான் மொழி முதலில் வெளிவந்தது இதற்குத்தான் (1957). 704ஐப் பயன்படுத்தியோர் 1955இல் ஷேர் என்ற அமைப்பைத் தொடங்கி நிரல்களைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்து வந்த 709இல் உள்ளீடு, வெளியீட்டு முறை மாறியது. பழைய நிரலொன்றில் 704இன் உள்ளீட்டு ஆணை வந்தால், கணினி அதை இடைமறித்து, ஈடான வேலையைச் செய்யும் துணைநிரலிடம் ஒப்படைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. 7090க்கும் அந்த வசதி வந்தது.

வடிவமைப்பு

சிறு மின்சுற்று அட்டைகளில் 50,000க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் பொருத்தப்பட்டன. 36 பிட் நீளமுள்ள 32,768 சொற்களைக் காந்த வளைய நினைவகம் தாங்கியது; அதன் சுழற்சி நேரம் 2.18 மைக்ரோநொடி. 709ஐவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகம் கிடைத்தது.

7070 தந்த பாடம்

அதே 1958இல் அறிவிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் கணினி 7070, குழாய்க் கணினிகளான 650, 705 இரண்டுடனும் ஒத்துப்போகவில்லை. 705 வாடிக்கையாளர்களுக்காக, அதன் நிரல்களை ஏற்கும் 7080ஐ ஐபிஎம் தனியே உருவாக்க வேண்டியதாயிற்று.

7094

1962இல் வந்த 7094, சுட்டுப் பதிவகங்களை மூன்றிலிருந்து ஏழாக உயர்த்தியது. முந்தைய கணினிகளில் ஆணையின் மூன்று பிட்களில் ஒவ்வொன்றும் ஒரு பதிவகத்தைச் சுட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பிட்கள் இருந்தால், அந்தப் பதிவகங்களின் மதிப்புகள் பிட்வாரியாக 'அல்லது' செயலால் இணையும். இவ்வியல்பை நம்பி எழுதிய நிரல்களுக்காகப் பழைய முறையும் 7094இல் தக்கவைக்கப்பட்டது.

பயன்பாடும் மரபும்

அமெரிக்காவின் ஏவுகணை முன்னெச்சரிக்கை அமைப்பிலும், நாசாவின் மெர்க்குரி விண்பயணங்களிலும் 7090 பணியாற்றியது. எம்.ஐ.டி.யின் நேரப்பகிர்வு அமைப்பான சி.டி.எஸ்.எஸ். 1961இல் 709இல் செய்துகாட்டப்பட்டு, பின்னர் 7090க்கும் 7094க்கும் மாறியது.

1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 முற்றிலும் புதிய ஆணைத்தொகுதி கொண்டது. ஆயினும் அதன் 65ஆம் மாதிரியில், நுண்நிரலும் மென்பொருளும் இணைந்து 7090இன் செயல்பாட்டைப் போலச்செய்ய வழிவகுக்கப்பட்டது.